நாலு விரலும் இரண்டு பஞ்சாங்கமும்

நேற்றுப் பின்னேரம் உம்முடைய மகள் தர்சினி பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்ற முதலே ஒரு கடதாசிப் பையை என் கையில் திணித்தாள். "அம்மாவின்ரை அலுமாரியைத் துப்பரவாக்கினனான் அன்ரி. இது உங்களிட்டைத்தான் இருக்கவேணும்" என்றாள். பையைத் திறந்ததும் மஞ்சள் மணம் குப்பென்று வந்தது. அதோடு பழைய கடதாசியின் மணமும், உம்முடைய சேலைகளில் எப்போதும் இருக்கும் பூச்சி உருண்டையின் மணமும். உள்ளே சார்வரி வருடத்து வாக்கிய பஞ்சாங்கம். நான்கு மூலையிலும் உம்முடைய கை பூசிய மஞ்சள் இன்னும் போகவில்லை.

நான் அழப்போகிறேன் என்று தர்சினி பயந்திருக்கவேண்டும். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தப் பார்த்தாள். எனக்கோ சிரிப்பு வந்தது. "பிள்ளை, இந்தப் புத்தகத்தோடை நான் பிடிச்ச சண்டை உனக்குத் தெரியுமே? கொம்மாவோடை கூட நான் இவ்வளவு சண்டை பிடிக்கேல்லை" என்றேன். பிறகு கொஞ்சம் அழுதேன் என்பதும் உண்மைதான். ஆனால் அழுது முடிக்க நேரமிருக்கவில்லை. நேற்று வெள்ளியும் வியாழனும் மேற்கு வானத்தில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கிற நாள். பொழுதுபட முன்னர் இங்கே கொழும்புத்துறைத் துறைக்குப் போய்விடவேண்டும் என்று காலையிலிருந்தே நான் கால் நிலத்தில் பாவாமல் திரிந்தேன். அந்த அவசரத்தில், அடுத்த திங்கட்கிழமை எனக்குக் கண் ஒப்பிறேசனுக்கு நாள் குறித்த துண்டு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கிடந்ததை எடுத்து ஒளிக்க மறந்துபோனேன். தர்சினி அதை வாசித்துவிட்டாள்.

"திங்கட்கிழமையோ? ஆர் கூட்டிக்கொண்டு போகினம்?" என்றாள்.

"வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற ஆக்கள் வருகினம். அது முடியட்டும். கண் எங்கை ஓடப்போகுது?" என்றேன்.

அவள் உம்மைப் போலவே புருவத்தை மட்டும் தூக்கினாள். இரண்டு முறை தள்ளிப்போட்ட நாள் அது என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. உமக்குச் சொல்கிறேன்.

நீர் போய் ஏழு மாதம். இருபத்தேழு வருடம் ஒரே கந்தோரில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில், பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். ஒரே வயது, ஒரே பதவி, பத்து மணிக்கு ஒரே கேத்திலில் இருந்து பிளேன்ரீ. ஆனாலும் முதல் நாள் "நீர் எந்த இடம்?" என்று கேட்ட அந்த "நீர்" கடைசிவரை "நீ" ஆகவில்லை. அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. மரியாதையாகச் சண்டை பிடிக்கலாம். பிள்ளையின் பிறப்பைப் பதிய வருகிறவர்களிடம் நான் பெயரும் திகதியும் கேட்பேன். நீர் நேரம் கேட்பீர். அந்தப் படிவத்தில் நேரத்துக்குக் கட்டமே இல்லை. "விடிய அஞ்சேகாலோ? அப்ப ரோகிணி. தாய்மாமனைக் கவனமா இருக்கச் சொல்லும்" என்று நீர் பலன் சொல்லத் தொடங்க, வரிசை வாசலைத் தாண்டி வீதிக்கு வந்துவிடும்.

"சனம் நிக்குது, கெதியா விடும்" என்று நான் கத்துவேன்.

"நிக்கிற சனத்திலை ஒருத்தரும் கத்தேல்லை. நீர்தான் கத்துறீர்" என்பீர்.

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் என்ற சாமான் இருந்ததேயில்லை. மெதடிஸ்ட் வீடு, சுவரில் கோயில் தந்த கலண்டர், அதில் நாளுக்கொரு வசனம், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் சித்திரை பிறந்தால் முதல் வேலை புதுப் பஞ்சாங்கத்துக்கு மஞ்சள் பூசிச் சாமியறையில் வைப்பது. உம்முடைய ஐயா தண்டையல். பாய்க்கப்பலை இந்தியக் கரைக்கும் அதற்கு அப்பாலும் நடத்திப் போனவர். கடலில் அவர் இரண்டை நம்பினார். ஒன்று, தலைமாட்டில் வைத்த வாக்கிய பஞ்சாங்கம். மற்றது, தன் கைவிரல். கையை முழுதாக நீட்டி, விரல்களைச் சேர்த்துப் பிடித்து, நட்சத்திரத்துக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை விரல் என்று எண்ணித்தான் கப்பலை விடுவாராம். "நிக்கிற நட்சத்திரத்தைப் பாத்துச் சுக்கானைப் பிடி, நடந்து திரியிற கிரகத்தைப் பாத்துப் பிடியாதை" என்று அவர் சொன்னதை நீர் கந்தோரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்! கடலுக்கு ஆகாத அந்தக் கிரகத்தை வீட்டுக்குள் மட்டும் ஏன் சுக்கானில் இருத்தி வைத்திருக்கிறீர் என்று நான் கேட்டால், "அது வேறை, இது வேறை" என்பீர். வழக்கு அத்தோடு தள்ளுபடி.

பிறகு அந்தச் சார்வரி வருடம் வந்தது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு திரிந்த வருடம். ஆவணியில் ஒருநாள் ரெலிபோனில் உம்முடைய குரல் இறங்கிப்போய் இருந்தது. "இடது பக்க மார்பிலை ஒரு கட்டி மாதிரி" என்றீர். எடுத்துவிட வேண்டும், சுணங்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். ஐப்பசியில் ஒரு நாள் குறித்தார்கள். அன்று நீர் போகவில்லை. "தடிமன், காய்ச்சல். இந்தக் கொரோனா நேரத்திலை வாசலிலையே மறிச்சுப்போடுவாங்கள்" என்றீர். நான் நம்பினேன். பிறகு தர்சினி சொல்லித்தான் தெரிந்தது, உமக்கு ஒரு தும்மல்கூட இல்லை. உமக்கு இருந்தது அட்டமத்துச் சனி.

இடப ராசிக்கு எட்டாம் இடம் தனுசு. சனி தனுசில் நிற்கும்வரை உடம்பில் கத்தி படக்கூடாது என்று நீர் முடிவு கட்டியிருந்தீர். உம்முடைய வாக்கியப்படி சனி மார்கழி நடுவில்தான் தனுசை விட்டு மகரத்துக்கு மாறுகிறார். டொக்டர் இரண்டாம் முறை குறித்த நாளோ கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்திய புதன்கிழமை. சனி மாற அதற்குப் பிறகும் நாலு நாள் இருந்தது.

"நாலு நாள்தானே, பிந்தினால் என்ன?" என்றீர்.

"இப்ப நாலு நாள் எண்டுவீர். பிறகு மார்கழியிலை நல்ல காரியம் செய்யக்கூடாது எண்டுவீர். தை பிறக்கட்டும் எண்டுவீர். பிறகு தைப்பூசம். ஆசுபத்திரிக்காரர் உம்மடை சனிக்குக் காத்துக்கொண்டு இருப்பினமே?"

"உமக்கு உது விளங்காது. நீங்கள் வேதக்காரர்."

"எனக்குச் சனி விளங்காது. கட்டி விளங்கும்."

நீர் ரெலிபோனை வைத்துவிட்டீர். இருபத்தேழு வருடத்தில் நீர் எனக்குச் செய்யாத வேலை அது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செபம் பண்ணினேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும் என்று சொன்னவர் நீர்தான்.

நேரே யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள புத்தகக் கடைக்குப் போனேன். வாக்கியத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று தரச் சொன்னேன். கடைக்காரர் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, ஒரு வீட்டுக்கு ஒண்டு காணும். இரண்டையும் வச்சிருந்தால் சண்டைதான் வரும்" என்றார்.

"சண்டைக்குத்தான் வாங்குறன்" என்றேன்.

சாப்பாட்டு மேசையில் இரண்டையும் விரித்து வைத்தேன். எங்கள் ஊரில் சில வீடுகளில் வாக்கியம், சில வீடுகளில் திருக்கணிதம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரே ஒழுங்கையில் முன்வீட்டுக்காரர் ஒரு நாளிலும் பின்வீட்டுக்காரர் மறுநாளிலும் விரதம் இருப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் சனி விஷயத்தில் வித்தியாசம் ஒருநாள் இரண்டுநாள் அல்ல. வியாழனைப் பற்றி இரண்டு புத்தகத்துக்கும் பெரிய பிணக்கு இல்லை. தீபாவளியை ஒட்டி மகரத்துக்கு வந்துவிட்டார் என்று இரண்டும் சொல்லின. சனி மட்டும் திருக்கணிதத்தில் போன தை மாதமே மகரத்துக்குப் போயாயிற்று. வாக்கியத்தில் இன்னும் தனுசில் குந்தியிருக்கிறார். ஏறத்தாழ ஒரு வருட வித்தியாசம். ஒரு சனிக்கு இரண்டு விலாசம்! நான் கதிரையிலிருந்து துள்ளி எழுந்ததில் தேத்தண்ணி மேசையெல்லாம் ஊற்றுப்பட்டது. அந்தக் கறை என்னுடைய திருக்கணிதத்தில் இன்னும் இருக்கிறது.

உமக்கு ரெலிபோன் எடுத்தேன். கோபத்தை மறந்து நீரும் எடுத்தீர்.

"உம்மடை அட்டமத்துச் சனி போன தையிலையே முடிஞ்சு போச்சு!"

"ஆர் சொன்னது?"

"திருக்கணிதம்."

"எங்கடை வீட்டிலை வாக்கியம்."

"சனி உங்கடை வீட்டுக்குள்ளையே இருக்கிறார்? வானத்திலை எல்லோ இருக்கிறார். வாரும், போய்ப் பாப்பம்."

நீர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கணக்கை எடுத்து வைத்தீர். "வாக்கியம் சரியெண்டால் வியாழன் சனியைத் தாண்டி எப்பவோ போயிருக்கவேணும். பொழுதுபட்டாப் பிறகு பாத்தால், சனிக்கு மேலை நாலு விரல் தூரத்திலை வியாழன் நிக்கும். திருக்கணிதம் சரியெண்டால் இரண்டும் ஒண்டாய் நிக்கும். விரல் வைக்க இடம் இராது."

"சரி. நாலு விரல் இருந்தால் நான் இனி வாய் திறக்கேல்லை. இல்லாட்டி நீர் புதன்கிழமை ஆசுபத்திரிக்கு."

"சரி" என்றீர். அந்தச் "சரி" அவ்வளவு கெதியாக வந்ததில் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சந்தோஷத்தில் குருடாகிப் போனேன்.

பருத்தித்துறையில் உம்முடைய வீட்டைச் சுற்றி மாடி வீடுகள். இங்கே கொழும்புத்துறைத் துறையில் நின்றால் தெற்கும் தென்மேற்கும் நீரேரிதான், ஒன்றும் மறைக்காது. அதனால் என்னிடம் வருவதாக ஏற்பாடு. ஆனால் மார்கழி மழை விடவேண்டுமே. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வானம் அடைத்துக் கிடந்தது. திங்கள் மத்தியானமும் பெய்தது. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ஞாயிறு வணக்கத்தில் முழுக்க மழை விடவேண்டும் என்றே மன்றாடினேன். பக்கத்தில் இருந்த, வயல் செய்கிற பெண் என்னை முறைத்தது நியாயம்தான். நாலு மணிக்கு மழை விட்டது. நாலரைக்கு நீர் ஓட்டோவில் வந்து இறங்கினீர். கையில் ஒரு பெரிய பை. ஓர் இரவு தங்கப் போகிறவருக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஓட்டோவில் இருந்து அதைத் தூக்கும்போது உள்ளே பிளாஸ்க் ஒன்று தட்டுப்பட்டது ஞாபகம்.

துறையில் சூசை அண்ணை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எங்கள் இரண்டு பேரையும், என் தம்பி பூநாரை பார்க்க வைத்திருந்த பைனாகுலரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சிமார், ஆரைத் தேடுறியள்?"

"சனியாரை, அண்ணை" என்றீர் நீர்.

"அவரை ஏன் பிள்ளை தேடிப் போறியள்? அவர் தானா வருவார்" என்று சொல்லிவிட்டு அவரும் எங்களோடு நின்றார்.

சூரியன் போய்விட்டது. உச்சியில் பாதி நிலவு. மேற்கே முகில் ஒரு மதில் மாதிரி நின்றது. பத்திரிகைகளில் அதை நத்தார் நட்சத்திரம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கோயிலில் பாடகர் குழுவே அதைப்பற்றித்தான் கதைத்தது. நான் அதைச் சொல்ல, உமக்குக் குறும்பு வந்துவிட்டது. "உங்கடை வேதத்திலை நட்சத்திரத்தைப் பாத்து வந்த சாத்திரிமார் இருக்கினமெல்லோ, அவை எந்தப் பஞ்சாங்கம்? வாக்கியமோ, திருக்கணிதமோ?" என்று கேட்டீர். சூசை அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், முகில் கிழிந்தது.

முதலில் நான்தான் கண்டேன். "அங்கை! அங்கை!" என்று உம்முடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். முகிலின் கிழிசலில், நீரேரிக்கு மேலே, ஒரு பெரிய வெளிச்சம். நீர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டீர். கையை நீட்டினீர். நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து, அந்த வெளிச்சத்தை அடி விரலில் வைத்து, மேலே பார்த்தீர். மேலே ஒன்றும் இல்லை. இருட்டு மட்டும்தான்.

"ஒண்டுதானே நிக்குது" என்றீர். "மற்றது எங்கை?"

"இரண்டும் அதுதான்! இரண்டும் அதுக்குள்ளைதான் நிக்குது! பிடியும், இதாலை பாரும்!"

பைனாகுலரை உம்முடைய கண்ணில் வைத்தேன். நீர் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்.  பிறகு மெல்ல, "பெரிசு கீழை. சின்னன் மேலை. ஒட்டிக்கொண்டு நிக்கினம்" என்றீர். "வியாழன் இன்னும் தாண்டக்கூட இல்லை."

சூசை அண்ணையும் வாங்கிப் பார்த்தார். "ஓம், இரண்டு! கடவுளே, இரண்டு!" என்று கத்தினார். வீதியால் போன இரண்டு மோட்டார் சைக்கிள்காரர் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். நான் எல்லாருக்கும் பைனாகுலரைக் கொடுத்துக்கொண்டு, அது என்னுடைய சொந்தச் சரக்கு மாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டு, குழந்தை மாதிரி துள்ளிக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் கலியாணத்தன்றுகூடக் கண்டதில்லை. திரும்பிப் பார்த்தால் நீர் மட்டும் கையை இறக்காமல் நின்றீர். நாலு விரல் நீட்டியபடியே. ஐயாவின் விரல் கணக்கு ஐயாவின் பஞ்சாங்கத்தைப் பிழையென்று சொல்லிவிட்டது. அதற்குத்தான் அந்த நேரம் எடுத்தீர் என்று நினைத்தேன்.

"தோத்துப்போனீர்" என்றேன்.

"வாக்கியம் பிழை எண்டு என்ரை வாயாலை நான் சொல்லமாட்டன்" என்றீர். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தீர். "ஆனால் சனியாரே வாக்கியத்துக்குக் கட்டுப்படேல்லை. பிறகு நான் ஏன் கட்டுப்படவேணும்?"

மறுநாள் ஆசுபத்திரியில் விட்டேன். புதன்கிழமை கட்டியை எடுத்தார்கள். பிறகு ஊசிகளும் மருந்துகளும், தலைமயிர் கொட்டியதும், நீர் தொப்பி போட்டுக்கொண்டு உம்மையே நையாண்டி பண்ணியதும் எல்லாம் வந்தன. ஆனால் கட்டி திரும்பி வரவில்லை. ஐந்து வருடம்! ஐந்து வருடத்தில் நாங்கள் எதைத்தான் பார்க்காமல் விட்டோம்?

போன வருடம் தை மாதம், நாலு கிரகம் ஒரே பின்னேரம் தெரிந்தபோது நான் பருத்தித்துறைக்கு ஓடி வந்தேனே, அதை மறக்க ஏலாது. கடற்கரை முழுக்கச் சனம். "கிரகங்களின் அணிவகுப்பு" என்று யாரோ கைத்தொலைபேசியில் போட்டுவிட்டதில், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் நிற்பது மாதிரி கிரகங்கள் நிற்கும் என்று பலர் நினைத்து வந்திருந்தார்கள். ஓட்டோக்காரர் ஒருவர் சரியான கோபத்தில் நின்றார். "நேர்க்கோடு எண்டாங்கள். எங்கை கோடு? ஒண்டு அங்கை நிக்குது, ஒண்டு தலைக்கு மேலை நிக்குது!"

நீர் அவரைப் பிடித்துக்கொண்டீர். "தம்பி, நீர் ஓடுற யாழ்ப்பாணம் றோட்டிலை இப்ப எத்தினை பஸ் நிக்கும்? ஒண்டு நெல்லியடியிலை, ஒண்டு அச்சுவேலிப் பக்கம், ஒண்டு யாழ்ப்பாணத்திலை. முட்டிக்கொண்டே நிக்குது? ஆனால் ஒரே றோட்டுத்தானே. பஸ்ஸைப் பாராதேயும், றோட்டைப் பாரும்." மேற்கே சனி, அதற்கு மேலே வெள்ளி, உச்சியில் வியாழன், கிழக்கே சிவப்பாகச் செவ்வாய் என்று கையால் ஒரு பெரிய வளைவு போட்டுக் காட்டினீர். அவர் அந்த வளைவைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அட, உண்மைதான்! ஒரே றோட்டு!" என்று கூவினார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வளைவு போடத் தொடங்கினார்கள். கந்தோரில் வரிசை நீண்டது போல உம்மைச் சுற்றி ஒரு வரிசை. அன்றைக்கு "கெதியா விடும்" என்று நான் கத்தவில்லை.

அந்த வருடம் கார்த்திகையில் நித்திரையிலேயே போய்விட்டீர். நெஞ்சு வருத்தம் என்றார்கள். அதற்கு நாள் குறிக்கவும் இல்லை, தள்ளிப்போடவும் இடமில்லை. எனக்கு உம்மில் இன்னும் கோபம்தான்.

இனி நேற்றைக்கு வருகிறேன். துறைக்குப் போக முன்னர், ஓட்டோ வரும்வரை, உம்முடைய பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். சனி மாற்றப் பலன் எழுதிய பக்கத்தில், இடபத்துக்கு நேரே, ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். இரண்டிரண்டாக. பக்கத்தில் உம்முடைய எழுத்து. கந்தோரில் ஆயிரம் பிறப்பு அத்தாட்சியில் நான் பார்த்த அதே எழுத்து.

"தீபாவளி. இரண்டு விரல். வியாழன் கீழை."

"கார்த்திகை விளக்கீடு. ஒரு விரல் கொஞ்சம் கூட. வியாழன் கீழை."

"மார்கழி முதலாம் நாள். அரை விரலும் இல்லை. வியாழன் கீழை."

இடையில் இன்னும் நாலைந்து. வியாழன் சனியைத் தாண்டவில்லை என்பது உமக்குத் தீபாவளியன்றே தெரியும்! சண்டை தொடங்க முன்னரே, நான் இரண்டு பஞ்சாங்கம் வாங்க முன்னரே, உம்முடைய வீட்டைச் சுற்றி நிற்கிற மாடி வீடுகளுக்கு நடுவால் கையை நீட்டி நீட்டி அளந்து முடித்திருக்கிறீர். அதுதான் "நாலு விரல்" என்ற கணக்கு யோசியாமலே வந்தது. அதுதான் அந்தப் பைக்குள் பிளாஸ்க்; ஆசுபத்திரிக்கு ஆயத்தமாகத்தான் வந்து இறங்கியிருக்கிறீர்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கைத்தொலைபேசியில் வானத்தைக் காட்டுகிற செயலி ஒன்று இருந்தது. உம்மோடு பந்தயம் பிடிக்க முதலே அதில் பார்த்துவிட்டேன், இரண்டும் ஒட்டித்தான் நிற்கும் என்று. தோற்காத பந்தயத்தைத்தான் பிடித்தேன். ஐந்தரை வருடமாக அந்தக் கள்ளத்தை உம்மிடம் சொல்லாமல் வைத்திருந்தது என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. இப்போது பார்த்தால், மழை விட்ட அந்தப் பின்னேரம் துறையில் நின்ற இரண்டு பேருமே கள்ளிகள். நேற்று அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் தர்சினி குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

ஆனால் கடைசி வரி இருந்ததே. அதை வாசித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"திங்கள். கொழும்புத்துறை. தனியப் பாத்தது போதாது. அவவோடை ஒருக்காப் பாக்கவேணும்."

சனிக்கு நீர் பயப்படவில்லை. அந்தக் கத்திக்குத்தான் பயந்தீர். அதை வாயால் சொல்ல முடியாமல் சனியின் தலையில் போட்டீர். பயத்தை வேறொருவர் தலையில் போடுவது எவ்வளவு சுகம் என்று எனக்கு நேற்றுத்தான் நன்றாக விளங்கியது. உமக்குச் சனி இருந்தார். வேதக்காரியான எனக்கு வெள்ளை அடிக்கிற ஆக்கள்.

துறைக்குப் போனோம். சோளகக் காற்று சேலையை இழுத்தது. வானத்தில் ஒரு முகில் இல்லை. சூசை அண்ணையும் வந்து நின்றார், இப்போது தடி ஊன்றிக்கொண்டு. நான் ஆவலோடு மேற்கைப் பார்த்தேன். ஒரு பெரிய வெளிச்சம், நீரில் கரைந்த சுண்ணாம்பு மாதிரி, விளிம்பில்லாமல்.

"வடிவா நிக்கினமெல்லே அன்ரி?" என்றாள் தர்சினி. "வெள்ளிக்கும் வியாழனுக்கும் நடுவிலை சரியா ஒரு விரல்!" அவள் கையை நீட்டி, ஒரு விரலைப் பிடித்துக் காட்டினாள். நீர் பிடிக்கிற மாதிரியே.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். திரும்பவும் பார்த்தேன்.

"ஒண்டுதானே நிக்குது" என்றேன். "மற்றது எங்கை?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, அது யாருடைய வார்த்தை என்று. உமக்காவது அன்றைக்கு இரண்டும் ஒட்டித்தான் நின்றன. எனக்கு முன்னால் ஒரு விரல் இடைவெளி திறந்து கிடக்கிறது, ஊரே பார்க்கிறது, நான் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சனியும் வேண்டாம், வெள்ளை அடிக்கிறவர்களும் வேண்டாம், பயம் என்றே சொல்லிவிடுகிறேன் என்று நினைத்து, சூசை அண்ணைக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்.

"தர்சினி, எனக்குக் கண்ணிலை கத்தி வைக்கப் பயமாக்கிடக்கு. திங்கட்கிழமை நீ வருவியே?"

"ஓம் அன்ரி. ஞாயிறே வந்து நிக்கிறன்" என்றாள். ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தவள் போல, ஒரு நொடிகூட எடுக்காமல். நீர் பெற்ற பிள்ளைதானே.

திங்கட்கிழமை ஒப்பிறேசன். செவ்வாய் காலையில் கட்டு அவிழ்ப்பார்களாம். நான் கணக்குப் பார்த்துவிட்டேன், இம்முறை செயலியில் அல்ல. வெள்ளி கெதியாக நடக்கிற கிரகம். நாளுக்கு அரை விரலுக்கும் கொஞ்சம் கூட வியாழனை விட்டு விலகும். செவ்வாய் பின்னேரம் துறையில் நின்று பார்த்தால், வெள்ளி மேலே, வியாழன் கீழே, நடுவில் சரியாக நாலு விரல். அன்றைக்கு உம்முடைய வாக்கியம் கேட்ட, நாங்கள் தேடிக் காணாத அதே நாலு விரல்.

உம்முடைய பஞ்சாங்கத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். பென்சிலையும் சீவி வைத்துவிட்டேன். உம்முடைய கடைசி வரிக்குக் கீழே இடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கையை நீட்டி அளந்து, அதில் நான் எழுதப்போகிறேன்: "நாலு விரல். இரண்டும் தெரிஞ்சுது. தனியப் பாக்கேல்லை."